தெருவும் வீட்டு முற்றம்தான்: குடியிருப்புப் பகுதிகளில் வண்டிகளின் வேகத்தைத் தணிப்பது எப்படி?

தெருவுக்குள் ஒரு பந்து உருண்டு வருகிறது. பந்து வந்தால் பின்னாலேயே பிள்ளை வரும் என்று வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்கள் சொல்வார்கள். சரி, பிள்ளையும் ஓடி வருகிறது. பிள்ளைக்கும் வரும் காருக்கும் இடையில் 13 மீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று கார்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ, ஏறத்தாழ அவ்வளவு.

கார் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வந்தால், நொடிக்கு 8 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக நகர்கிறது. பிள்ளை கண்ணில் பட்டு, மூளையில் உறைத்து, கால் பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகும். அதற்குள் 8 மீட்டர் போய்விட்டது. காய்ந்த, நல்ல சாலையில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 5 மீட்டர் வேண்டும். மொத்தம் 13. கார் பிள்ளையின் முன்னால் வந்து நின்றுவிடுகிறது. ஓட்டுபவருக்கு நெஞ்சு படபடக்கும், பிள்ளைக்கு அம்மாவிடம் திட்டு கிடைக்கும். அவ்வளவுதான்.

அதே கார் 50 கி.மீ. வேகத்தில் வந்தால் என்ன ஆகும்? கால் பிரேக்குக்குப் போகும் அந்த ஒரு நொடியிலேயே 14 மீட்டர் கடந்துவிடும். அதாவது, பிரேக்கில் கால் படும் முன்பே கார் பிள்ளையை அடைந்துவிட்டது. முழு 50-இல் மோதுகிறது. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் என்பதால், 30-இல் இருப்பதைப் போல 2.8 மடங்கு அடி.

இந்த வேகத்தால் ஓட்டுபவருக்கு என்ன மிச்சம்? 300 மீட்டர் நீளமுள்ள தெருவை 30-இல் கடக்க 36 நொடி, 50-இல் கடக்க 22 நொடி. மிச்சம் 14 நொடி. இதற்காகத்தான் நம் பிள்ளைகளை வீட்டுக்குள் அடைத்து வைத்திருக்கிறோம்.

குடியிருப்புத் தெருக்களில் வண்டிகள் மெதுவாகப் போகும்படி தெருவையே மாற்றி அமைப்பதற்குப் போக்குவரத்துத் தணிப்பு என்று பெயர். உலகமெங்கும் வழங்கும் 'டிராஃபிக் காமிங்' என்ற ஆங்கிலச் சொல், 'ஃபெர்கேர்ஸ்பெரூயிகுங்' என்ற ஜெர்மன் சொல்லின் நேர் மொழிபெயர்ப்பு. வண்டிகளை அமைதிப்படுத்துதல் என்று பொருள். தமிழில் தணிப்பு என்று சொல்வது எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. காய்ச்சல் தணிகிறது, கோபம் தணிகிறது என்கிறோம். காய்ச்சல் தணிந்தாலும் உடம்பின் இயல்பான சூடு இருக்கும். அதுபோல வண்டிகளும் வரும், போகும், ஆனால் தெரு கொதிக்காது.

இதில் புதிதாகத் தெரிந்துகொள்பவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. ஓட்டுபவரின் கால் அறிவிப்புப் பலகையைப் படிப்பதில்லை. அது சாலையைப் படிக்கிறது. நேராக, அகலமாக, வழவழப்பாக, தடையில்லாமல் ஒரு தார்ச்சாலை நீண்டு கிடந்தால், 'மெதுவாகச் செல்லவும்' என்று பத்துப் பலகை வைத்தாலும் கால் ஆக்சிலரேட்டரில் அழுந்தும். கெட்ட மனிதர்தான் அழுத்துவார் என்றில்லை. தன் வீட்டு வாசலில் "மெதுவா போங்கப்பா" என்று கத்துகிற அதே ஆள், அடுத்த தெருவில் 50-இல் போவார். சாலை அப்படிப் போகச் சொல்கிறது, போகிறார். ஆகவே, மனிதர்களைத் திருத்தும் வேலையைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, சாலை என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

டெல்ஃப்ட் நகரத்து முற்றம்

இந்த யோசனை முழு உருவம் பெற்ற இடம் நெதர்லாந்து. ஹேக் நகரத்துக்கும் ராட்டர்டாமுக்கும் இடையில் டெல்ஃப்ட் என்று ஒரு பழைய ஊர். 1960-களின் பின்பகுதியில், மற்ற ஐரோப்பிய ஊர்களைப் போலவே அங்கும் கார்கள் பெருகிவிட்டன. குதிரை வண்டிக்கும் நடப்பவர்களுக்கும் போட்ட குறுகிய தெருக்களில் இரண்டு பக்கமும் கார் நின்றது, நடுவிலும் கார் ஓடியது. பிள்ளைகளுக்கு இருந்த ஒரே வெளி அந்தத் தெருதான். அதுவும் போய்விட்டது.

அந்த ஊர் நகராட்சியில் வேலை பார்த்த யூஸ்ட் வால் என்பவர் தெருவின் உருவத்தை மாற்றிப் பார்க்கத் தொடங்கினார். நிக் தெ பூர் என்ற நகரத் திட்ட வல்லுநர் இப்படிப்பட்ட தெருவுக்கு 'வோனெர்ஃப்' என்று ஏற்கெனவே பெயர் சூட்டியிருந்தார். 'வோனன்' என்றால் குடியிருத்தல். 'எர்ஃப்' என்றால் வீட்டைச் சுற்றியுள்ள வெளி, முற்றம். குடியிருப்பு முற்றம் என்று சொல்லலாம். நெல் காயப்போட்டு, வத்தல் பிழிந்து, கயிற்றுக் கட்டிலில் தாத்தா படுத்திருக்க, பிள்ளைகள் பாண்டி ஆடும் முற்றத்தைக் கண்ட நமக்கு இந்தப் பெயரை விளக்கத் தேவையில்லை.

வோனெர்ஃப் எப்படி இருக்கும்? முதலில், நடைபாதை என்று தனியாக ஓரத்தில் ஒன்று இருக்காது. இங்கே பலரும் திகைப்பார்கள். நடைபாதை இல்லாமல் பாதுகாப்பா? காரணம் இருக்கிறது. ஓரத்தில் உயர்த்திக் கட்டிய நடைபாதை, 'இந்த ஓரம் உனக்கு, நடுப்பகுதி வண்டிக்கு' என்று பாகம் பிரித்துக் கொடுக்கிறது. வோனெர்ஃபில் அந்தப் பாகப்பிரிவினையே கிடையாது. சுவரிலிருந்து சுவர் வரை ஒரே மட்டம், தார் இல்லாமல் கல் பாவிய தரை. வண்டி போகும் வழி நேராக ஓடாது. இங்கே ஒரு மரம், அங்கே ஒரு பூந்தொட்டி, ஒரு பெஞ்சு, சைக்கிள் நிறுத்த ஒரு கம்பி என்று வளைந்து வளைந்து போகும். தெருவின் நுழைவாயில் குறுகலாக, சற்று மேடாக இருக்கும். ஒரு வீட்டு வளாகத்துக்குள் நுழைகிறோம் என்று ஓட்டுபவருக்கு உடம்பிலேயே தெரியும். குறித்துவைத்த இடங்களில் மட்டும்தான் வண்டி நிறுத்தலாம்.

1976-இல் நெதர்லாந்து அரசு இதற்குச் சட்ட வடிவம் கொடுத்தது. வோனெர்ஃபுக்குள் நடப்பவர்கள் தெருவின் முழு அகலத்தையும் பயன்படுத்தலாம். பிள்ளைகள் தெருவில் விளையாடலாம். வண்டிகள் நடை வேகத்துக்கு மேல் போகக் கூடாது. அதே சமயம் நடப்பவர்களும் வேண்டுமென்றே வண்டியை மறித்து நிற்கக் கூடாது. நுழைவாயிலில் நீலப் பலகை ஒன்று இருக்கும்: ஒரு வீடு, ஒரு பெரியவர், பந்தோடு ஒரு பிள்ளை, ஒரு கார். ஐரோப்பாவின் பல நாடுகளில் இந்தப் பலகையை இன்றும் பார்க்கலாம்.

சட்டம் தானாக வந்துவிடவில்லை. 1971-ஆம் ஆண்டு மட்டும் நெதர்லாந்தில் சாலை விபத்துகளில் 3,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். விக் லாங்கன்ஹாஃப் என்ற பத்திரிகையாளர் தன் மகளை அந்த ஆண்டு கார் மோதி இழந்தவர். அடுத்த ஆண்டு அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயரானது: 'ஸ்டாப் தெ கிண்டர்மோர்ட்', அதாவது 'குழந்தைக் கொலையை நிறுத்து'. விபத்து என்ற சொல்லை அவர்கள் ஏற்கவில்லை, கொலை என்றே சொன்னார்கள். பெற்றோர்கள் பிள்ளைகளோடு தெருவுக்கு வந்தார்கள், சாலைகளை மறித்தார்கள், பிள்ளைகள் விளையாடத் தெருக்களை மூடினார்கள். 1973 இறுதியில் எண்ணெய் நெருக்கடி வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்ட அரசே தடை போட்டபோது, கார் இல்லாத சாலை எப்படி இருக்கும் என்று நாடே கண்ணால் பார்த்தது. நெடுஞ்சாலையில் மக்கள் நடந்தார்கள், சைக்கிள் ஓட்டினார்கள்.

இன்று அந்த நாட்டில் சாலையில் இறப்பவர்கள் ஆண்டுக்கு 600 முதல் 750 பேர் வரை. வண்டிகளின் எண்ணிக்கையோ பல மடங்கு ஏறிவிட்டது. சீட் பெல்ட், நல்ல பிரேக், நல்ல மருத்துவம் எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. தெருக்களை மாற்றியதற்கும் பெரிய பங்குண்டு. "நம்மால் அவர்களைப் போல் ஆக முடியாது" என்று சொல்பவர்களிடம் இதைத்தான் சொல்ல விரும்புகிறேன்: அவர்களும் ஒரு காலத்தில் அவர்களைப் போல் இருக்கவில்லை.

வோனெர்ஃபில் ஒரு சிக்கல் உண்டு. செலவு. ஒவ்வொரு தெருவையும் தோண்டி, கல் பாவி, மரம் நட்டு முடிக்க நிறையப் பணம் வேண்டும். அதனால் 1980-களில் நெதர்லாந்து இன்னொரு வழியையும் பிடித்தது. ஒரு முழுப் பகுதியையும் 30 கி.மீ. வட்டாரமாக அறிவித்து, நுழைவாயில்களிலும் சந்திப்புகளிலும் மட்டும் மேடும் குறுக்கலும் அமைப்பது. முற்றம் அளவுக்கு அழகில்லை, ஆனால் அதே பணத்தில் பல மடங்கு தெருக்களைக் காப்பாற்றலாம். ஜெர்மனியின் புக்ஸ்டெஹூடெ 1983-இல் இதைத் தொடங்கியது. 1992-இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரம், முக்கியச் சாலைகள் நீங்கலாக ஊர் முழுவதற்கும் 30 என்று அறிவித்தது.

வேகத்தடை: நல்லதும் கெட்டதும்

தணிப்பு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஸ்பீட் பிரேக்கர்தான். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் அதிகம் தவறு செய்யும் இடம் இது.

எங்கள் தெருவில் ஒருமுறை ஒரு பையன் மீது பைக் மோதியது. மறுவாரமே இரவோடு இரவாக ஜல்லியும் சிமெண்டும் கொட்டி ஒரு மேடு போட்டார்கள். அரை அடி உயரம், ஓரடி அகலம். வெள்ளைப் பட்டை இல்லை, முன்கூட்டிச் சொல்லப் பலகை இல்லை. சில நாளில் மகனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்த ஒரு பாட்டி அதில் தூக்கியடிக்கப்பட்டு இடுப்பெலும்பு முறிந்து படுத்தார். மேடு போட்டவர்களின் ஆத்திரம் நியாயமானது. மேட்டின் உருவம்தான் தவறு.

ஏன் தவறு? ஓரடி அகல மேட்டைக் கார் மெதுவாக ஏறினால் தடக்கென்று இடிக்கும். வேகமாகப் போனால், டயரும் ஸ்பிரிங்கும் அந்த அடியை வாங்கிக்கொள்ளும், வண்டியின் உடல் அசைவதற்குள் மேடு முடிந்துவிடும். அதாவது, மெதுவாகப் போகிறவருக்குத் தண்டனை, வேகமாகப் போகும் காருக்குச் சலுகை. டூவீலருக்கும் பின்னால் இருப்பவருக்கும் எப்போதும் ஆபத்து.

1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் சாலை ஆராய்ச்சிக் கூடத்தில் வாட்ஸ் என்பவர் இதைப் பல வடிவங்களில் சோதித்துப் பார்த்தார். அவர் கண்டுபிடித்த வடிவம் நீளமானது: வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் நீளம், நடுவில் 10 செ.மீ. உயரம், இரு பக்கமும் மெல்லச் சரியும் வளைவு. இந்த மேட்டின் மீது வண்டி முழுதாக ஏறி இறங்குகிறது. மெதுவாகப் போனால் தொட்டில் போல ஓர் ஆட்டம், அவ்வளவுதான். வேகம் கூடக் கூட ஆட்டம் கூடுகிறது. 40-இல் போனால் தலை கூரையைத் தொடப் பார்க்கும். வேகமாகப் போகிறவருக்கு மட்டும் தண்டனை.

இந்தியாவில் சாலைகளுக்கு அளவு வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸும் இதே அளவைத்தான் பரிந்துரைத்திருக்கிறது: 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு, 3.7 மீட்டர் நீளம், 10 செ.மீ. உயரம். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் வசதியாகக் கடக்கலாம் என்பது கணக்கு. 1988-இலிருந்தே இந்த அளவு அச்சில் இருக்கிறது. உங்கள் தெருவில் புதிதாகப் போடுகிறார்கள் என்றால், ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள். 3.7 மீட்டர் என்றால் 12 அடி. ஓரடி மேட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது மிகவும் நீளமாகத் தெரியும். அப்படித்தான் தெரிய வேண்டும். மேட்டின் மீது வெள்ளைப் பட்டை, இரவில் தெரியும் ஒளிர்ப்பான், முன்னதாக ஒரு பலகை ஆகியவையும் வேண்டும். ஒரு மேடு மட்டும் போட்டால் அதைத் தாண்டியதும் விட்டதைப் பிடிக்க வண்டிகள் சீறும். ஆகையால் நீளமான தெருவில் இடைவெளி விட்டுத் தொடர்ச்சியாகப் போட வேண்டும்.

ஆம்புலன்ஸ் என்ன செய்யும் என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. அதற்கு மெத்தை போன்ற ஒரு வகை இருக்கிறது. சாலையின் முழு அகலத்துக்கும் இல்லாமல், ஒரு காரின் சக்கரங்கள் ஏறியே ஆக வேண்டிய அகலத்துக்கு மட்டும் மேடு. பேருந்து, ஆம்புலன்ஸ் போன்ற அகன்ற வண்டிகள் இரு பக்கமும் சக்கரத்தை வைத்து அதைத் தாண்டிவிடும்.

மேட்டைத் தவிர வேறு கருவிகளும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது, தெரு முக்கைக் கூர்மையாக்குவது. பெரிய சாலையிலிருந்து தெருவுக்குள் திரும்பும் முனை அகன்ற வளைவாக இருந்தால் வண்டி வேகத்தைக் குறைக்காமலே வழுக்கிக்கொண்டு உள்ளே வரும். அந்த முனையில் நடைபாதையை நீட்டி வளைவைச் சிறிதாக்கினால், பிரேக் பிடிக்காமல் திரும்ப முடியாது. நடப்பவர் கடக்க வேண்டிய தூரமும் குறைகிறது. இன்னொன்று, நடைபாதையை அதே உயரத்தில் தெரு முக்கின் குறுக்காகத் தொடர்ந்து கொண்டுபோவது. நடப்பவர் இறங்கி ஏற வேண்டாம், வண்டிதான் ஏறி இறங்க வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்கும், முழங்கால் வலிக்காரருக்கும், குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளுபவருக்கும் இது எவ்வளவு பெரிய உதவி!

வெளிநாட்டுப் படங்களில் பார்த்ததை அப்படியே கொண்டுவரவும் கூடாது. தெருவை வளைத்து வளைத்துப் போடுவது காருக்குச் சரி. டூவீலர்கள் நிறைந்த தெருவில் அவை அந்த வளைவுகளுக்கு நடுவே நேர்க்கோடு கண்டுபிடித்துப் போய்விடும். நம் தெருக்களுக்கு, ஒழுங்கான அளவில் போட்ட மேடும் கூர்மையான முனையும்தான் முதலில் வேண்டும் என்பது என் கருத்து.

இந்த வண்டி ஏன் இங்கே வருகிறது?

வேகம் பாதிக் கதை. மீதிப் பாதி, எத்தனை வண்டி என்பது. ஒரு தெருவில் ஓடும் வண்டிகளில் பல, அந்தத் தெருவுக்கே சம்பந்தம் இல்லாதவை. முன்னால் சிக்னல் இருக்கிறது, உள்ளே புகுந்து அந்தப் பக்கம் வெளியேறலாம் என்று வருபவை. இப்போது கைபேசி வரைபடம் வேறு 'இரண்டு நிமிடம் மிச்சம்' என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டி வருகிறது.

இதற்கு மருந்து எளிமையானது. தெருவின் நடுவே ஓரிடத்தில் இரண்டு மூன்று கம்பங்களோ பெரிய பூந்தொட்டிகளோ வைத்து, நடப்பவரும் சைக்கிளும் போகலாம், கார் ஊடுருவிப் போக முடியாது என்று செய்வது. எந்த வீட்டுக்கும் காரில் போய்ச் சேரலாம். ஒரு பக்கமாக வந்து அதே பக்கமாக வெளியேற வேண்டும், அவ்வளவுதான். குறுக்குவழியாக மட்டும் அந்தத் தெரு பயன்படாது.

லண்டனின் வடகிழக்கில் இருக்கும் வால்தம் ஃபாரஸ்ட் பகுதி 2014 முதல் இதைப் பெரிய அளவில் செய்தது. திட்டத்துக்கு 'மினி ஹாலந்து' என்றே பெயர். வால்தம்ஸ்டோ வில்லேஜ் என்ற இடத்தில் ஆர்ஃபர்ட் சாலை என்று ஒரு சிறிய கடைத்தெரு. பகலில் அதில் கார் ஓட்டத் தடை விதித்தார்கள், சுற்றியுள்ள தெருக்களில் கம்பம் நட்டார்கள். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. 2015-இல் தொடக்க விழா நடந்தபோது, ஊர் செத்துவிட்டது என்று சொல்லி எதிர்ப்பாளர்கள் ஒரு சவப்பெட்டியையே தூக்கி வந்தார்கள். ஊர் சாகவில்லை. அந்தக் கடைத்தெருவில் இன்று வெளியே நாற்காலி போட்டு மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு வந்த ஆய்வுகள், கம்பம் நட்ட பகுதிகளுக்குள் சாலைக் காயங்கள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததையும், எல்லைச் சாலைகளில் காயங்கள் அதனால் கூடிவிடவில்லை என்பதையும் காட்டின.

எதிர்த்தவர்களின் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. 'என் தெருவில் தடுத்த வண்டி எங்கே போகும்? பெரிய சாலையோரம் வீடு இருக்கிறவன் மனிதனில்லையா?' பெரும்பாலும் பெரிய சாலையோரம் குடியிருப்பவர்கள் வசதி குறைந்தவர்கள். வண்டிகள் சில அங்கே போகத்தான் செய்யும். எல்லாமும் போவதில்லை என்பதுதான் வியப்பு. சாலைகளில் கார்களுக்கான இடம் குறைக்கப்பட்ட 70-க்கும் மேற்பட்ட இடங்களைப் பிரிட்டன் ஆய்வாளர்கள் தொகுத்துப் பார்த்தார்கள். அவற்றில் பாதி இடங்களில், முன்பு ஓடிய வண்டிகளில் 11 விழுக்காட்டுக்கு மேல் சுற்றுவட்டாரத்தில் எங்குமே காணவில்லை. பக்கத்துக் கடைக்குக் காரை எடுத்தவர் நடந்திருப்பார், இரண்டு முறை போனவர் ஒரு முறை போயிருப்பார். தண்ணீரைத் தடுத்தால் வேறு பக்கம் பாயும். ஆனால் வண்டியை ஓட்டுவது மனிதன், அவன் யோசித்து மாறுவான். ஆனாலும் பெரிய சாலைக்கும் நடைபாதை, கடக்கும் வசதி, பேருந்து ஆகியவற்றைச் சேர்த்துத் திட்டமிடாமல் உள் தெருவை மட்டும் காப்பாற்றுவது நியாயமில்லை என்று நான் நினைக்கிறேன்.

தெரு பிழைத்தால் பேட்டை பிழைக்கும்

பழைய குடியிருப்பு ஒன்று நலிந்துபோகிறது என்றால் எப்படி இருக்கும்? வீடுகள் பூட்டிக் கிடக்கும், வசதி வந்தவர்கள் வெளியேறுவார்கள், தெருவிளக்கு எரியாது, மூலையில் குப்பை சேரும், சாயங்காலம் வெளியே உட்கார ஆள் இருக்காது. ஆள் இல்லாத தெருவில் வண்டி இன்னும் வேகமாகப் போகும், அதனால் இன்னும் ஆள் வரமாட்டார்கள். ஒன்றை ஒன்று பிடித்துக் கீழே இழுக்கும்.

மான்செஸ்டர் நகரத்தில் நார்த்மோர் என்ற பகுதி அப்படித்தான் இருந்தது. சுவரோடு சுவர் ஒட்டிய பழைய வரிசை வீடுகள், முன்னால் தோட்டம் கிடையாது, கதவைத் திறந்தால் தெரு. 1990-களின் இறுதியில் பிரிட்டன் அரசு, டச்சு முற்றத்தின் தன் வடிவமான 'ஹோம் ஸோன்' திட்டத்துக்கு ஒன்பது முன்னோடி இடங்களைத் தேர்ந்தெடுத்தபோது நார்த்மோரும் அதில் இருந்தது. அங்கே செய்தது வெறும் வேகத் தணிப்பு மட்டும் அல்ல. வீட்டு வரிசைகளின் நடுவே சில வீடுகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தைப் பொதுத் திடலாக்கினார்கள். தெருவில் மரம் நட்டார்கள், வண்டி நிறுத்தும் இடங்களை ஒழுங்குபடுத்தினார்கள், மீதி வீடுகளைச் செப்பனிட்டார்கள். வண்டியைக் குறைப்பது, வெளியைத் திறப்பது, வீட்டைப் பழுதுபார்ப்பது மூன்றும் ஒரே வேலையாக நடந்தன. பேட்டையைப் புதுப்பித்தல் என்றால் இதுதான். வண்ணம் பூசிவிட்டுப் போவதோ, இடித்துத் தள்ளி அடுக்குமாடி எழுப்புவதோ எனக்குப் புதுப்பித்தலாகப் படவில்லை.

லீட்ஸ் நகரத்தின் மெத்லீஸ் பகுதி இன்னும் சுவையானது. அங்கே 1996-இல், அரசு திட்டம் வருவதற்கு முன்பே, குடியிருப்பவர்கள் ஒரு வார இறுதியில் தங்கள் தெருவின் தார் மீது புல்தரையைக் கொண்டுவந்து விரித்தார்கள். தெரு முழுக்கப் பச்சை. பிள்ளைகள் உருண்டார்கள், பெரியவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பிறகு புல்லை எடுத்துவிட்டார்கள். ஆனால் தெரு வேறு மாதிரியும் இருக்கலாம் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டார்களே! பின்னர் அந்தப் பகுதியும் முன்னோடி இடங்களில் ஒன்றானது.

நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது, முதலில் தற்காலிகமாகச் செய்து பார்க்க வேண்டும் என்பது. கான்கிரீட் ஊற்றுவதற்கு முன், சுண்ணாம்புக் கோடு, மணல் மூட்டை, வண்ணம் பூசிய டிரம், நாலு பூந்தொட்டி ஆகியவற்றை வைத்து, அனுமதி வாங்கி, ஒரு மாதம் பார்க்கலாம். தண்ணீர் லாரி திரும்புகிறதா? பால் வண்டி, குப்பை வண்டி வருகிறதா? வீட்டில் சாவு விழுந்தால் பந்தல் போட்டு வண்டி நிறுத்த வழி இருக்கிறதா? மேடு போட்டால் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் தேங்கும்? வரைபடத்தில் தெரியாதது எல்லாம் அந்த ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். தொட்டியை நகர்த்த ஐந்து நிமிடம் போதும். கான்கிரீட்டை நகர்த்த முடியாது.

இன்னொரு கவலையையும் சொல்ல வேண்டும். தெரு நன்றாக ஆனால் வாடகை ஏறும். பார்சலோனாவில் ஒன்பது சதுர வீட்டுத் தொகுதிகளை ஒன்றாகச் சேர்த்து, உள்ளே கார்களைக் கட்டுப்படுத்தும் 'சூப்பர் பிளாக்' திட்டம் 2016-இல் போப்லநோ பகுதியில் தொடங்கியபோதிருந்தே இந்தப் பயம் பேசப்படுகிறது. யாருக்காகத் தெருவைச் சீர்செய்தோமோ அவர்களே வாடகை கொடுக்க முடியாமல் காலி செய்தால் என்ன பயன்? இதற்கு முழு விடை தெருப் பொறியாளர் கையில் இல்லை. வாடகைக் கட்டுப்பாடு, குறைந்த விலை வீடுகள் என்று வீட்டு வசதிக் கொள்கை கூடவே வர வேண்டும். ஒரே ஓர் அழகான தெருவுக்குப் பதிலாக ஊரிலுள்ள எல்லாத் தெருக்களையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாதுகாப்பாக்கினால், பாதுகாப்பு என்பதே விலை ஏற்றும் அரிய சரக்காக இராது.

எது வரைக்கும் உன் வீடு?

டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகர வடிவமைப்புப் பேராசிரியர் 1969-இல் சான் பிரான்சிஸ்கோவில் அருகருகே உள்ள மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டார். ஒன்றில் நாளொன்றுக்கு 2,000 வண்டி, அடுத்ததில் 8,000, மூன்றாவதில் 16,000. வீடு வீடாகப் போய், இந்தத் தெருவில் உங்களுக்கு எத்தனை நண்பர்கள் என்று கேட்டார். வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்குச் சராசரியாக 3 நண்பர்கள். நடுத்தெருவில் 1.3. வண்டி அதிகமான தெருவில் 0.9. முகம் தெரிந்தவர்களின் எண்ணிக்கையும் 6.3-இலிருந்து 3.1-க்கு இறங்கியது. யார் மீதும் வண்டி மோதாமலே, வெறுமனே ஓடிக்கொண்டிருந்தே இவ்வளவையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது.

அவர் இன்னொன்றும் கேட்டார். தெருவின் படத்தைக் கொடுத்து, இதில் எது வரைக்கும் உங்கள் வீடு என்று நினைக்கிறீர்களோ அது வரை கோடு போடுங்கள் என்றார். வண்டி குறைந்த தெருக்காரர்கள் எதிர்வரிசையையும் சேர்த்துத் தெரு முழுவதையும் வளைத்தார்கள். வண்டி நிறைந்த தெருக்காரர்களின் கோடு, தங்கள் கட்டடத்தின் சுவரோடு நின்றுவிட்டது. பல வீடுகளில் தெருப்பக்கத்து அறையைக்கூட அவர்கள் பயன்படுத்துவதில்லை. இத்தனையும் எழுதிய அந்த மனிதர் 1982-இல் ஏதென்ஸ் நகரில் வேகமாக வந்த கார் மோதி இறந்தார்.

இன்று சாயங்காலம் வீட்டில் இருக்கும் பிள்ளையிடம் ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து, நம் தெருவை வரையச் சொல்லுங்கள். எங்கெல்லாம் நீ தனியாகப் போவாய், எங்கே விளையாடுவாய், எங்கே பயம், யார் வீடெல்லாம் தெரியும் என்று கேட்டுக் குறிக்கச் சொல்லுங்கள். அடுத்ததாக அதே தாளோடு தெருவில் அரை மணி நேரம் நின்று, போகும் வண்டிகளில் எத்தனை இந்தத் தெருக்காரர்களுடையவை என்று எண்ணிப் பக்கத்திலேயே எழுதுங்கள். வார்டு உறுப்பினரைப் பார்க்கப் போகும்போது கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டிய தாள் அதுதான்.